சார்பின் பிறப்பிடம்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



தமிழ் இலக்கணம் எழுத்துக்களை முதலெழுத்து, சார்பெழுத்து என இரண்டாகப் பகுக்கும். தானே நின்று ஒலிப்பது முதலெழுத்து. பிறிதொன்றைச் சார்ந்து தன் இயல்பில் திரிவது சார்பெழுத்து. குற்றியலிகரம், குற்றியலுகரம், ஆய்தம் ஆகிய மூன்றையும் சார்பால் வருவனவாகத் தொல்காப்பியர் காட்டுவார். 'நடு' என்னும் சொல்லின் ஈற்றில் நிற்கும் உகரம் ஒரு மாத்திரை அளவில் முழுமையாக ஒலிக்கிறது. 'நாடு' என்னும் சொல்லின் ஈற்றில் நிற்கும் உகரமோ அரை மாத்திரையாகக் குறுகிவிடுகிறது. இரண்டிலும் எழுத்து ஒன்றே. அது ஏறி நிற்கும் மெய்யும் ஒன்றே. முன்னே நிற்கும் ஓசை நீண்டதால் பின்னே நிற்பதன் அளவு குறைந்தது. அண்டை மாறினால் இயல்பு மாறும் என்னும் இவ்வுண்மையைத் தமிழர் எழுத்தளவிலேயே கண்டு இலக்கணமாக வகுத்து வைத்தனர்.

இயற்பியலிலும் இத்தகைய சார்பு ஒன்று உண்டு. ஒரு காந்தம் தனித்து நிற்கும்போது இரு திசைக்கும் நடுநிலையாக இருக்கிறது. அதனைக் குறிப்பிட்ட ஒரு வகைப் பொருளோடு ஒட்டவைத்து, காந்தப் புலத்தில் குளிரச் செய்தால், அது ஒரு திசையை விரும்பவும் மற்றொன்றை வெறுக்கவும் தொடங்குகிறது. வியப்பு என்னவெனில், அதற்கு இவ்விருப்பத்தை ஊட்டிய அண்டைப் பொருளிடம் வெளியே தெரியும் காந்தம் ஏறக்குறைய எதுவும் இல்லை. இந்நிகழ்ச்சியை அறிவியலார் பரிமாற்றச் சார்பு என்பர். இது 1956ஆம் ஆண்டு உலகிற்கு அறிவிக்கப்பட்டது. அதன் பிறப்பிடம் எது என்னும் வினாவிற்குத் தெளிவான விடை கிடைக்க ஏறத்தாழ அரை நூற்றாண்டு ஆயிற்று. அந்தத் தேடலின் வரலாறே இவ்வுரையின் பொருள்.

தயக்கம் என்னும் நற்பெயர்

முதலில் காந்தத்தின் இயல்பைச் சிறிது காண வேண்டும். இரும்பு, கோபால்ட், நிக்கல் போன்ற பொருள்களில் ஒவ்வோர் அணுவும் ஒரு நுண்காந்தம். அண்டை அணுக்களின் நுண்காந்தங்கள் ஒரே திசையை நோக்கி நிற்க முயல்கின்றன. அவ்வாறு நிற்கச் செய்யும் ஆற்றலுக்குப் பரிமாற்ற விசை என்று பெயர். இரண்டு எலக்ட்ரான்கள் தம் இடத்தை மாற்றிக்கொண்டாலும் எது எது என வேறுபடுத்தி அறிய இயலாது என்னும் குவாண்டம் விதியிலிருந்து அது பிறக்கிறது. 1928ஆம் ஆண்டு ஹைசன்பர்க் இதனை விளக்கினார். இவ்வகைப் பொருளைப் பாடநூல்கள் ஃபெர்ரோ காந்தப் பொருள் என்கின்றன. எல்லா அணுக்களும் ஒரு முகமாக நிற்பதால், இவ்வுரையில் அதனை ஒருமுகக் காந்தம் என்றே குறிப்பது எளிதாகும்.

ஒருமுகக் காந்தத்தை ஒரு திசையில் காந்தமாக்கிவிட்டு, வெளியிலிருந்து செலுத்தும் புலத்தை நீக்கினாலும், அது தன் காந்தத்தை உடனே விட்டுவிடுவதில்லை. எதிர்த்திசையில் புலத்தைச் செலுத்தி, அதனையும் ஓரளவு வளர்த்த பின்னரே அது திரும்புகிறது. மீண்டும் பழைய திசைக்குக் கொண்டுவரவும் அதே அளவு வற்புறுத்த வேண்டும். புலத்தையும் காந்தத்தையும் வரைபடத்தில் குறித்தால் ஒரு கண்ணி உருவாகும். பின்தங்குதல் என்னும் பொருள்பட்ட கிரேக்கச் சொல்லிலிருந்து இதற்கு ஆங்கிலப் பெயரிட்டவர் ஸ்காட்லாந்து அறிஞர் ஜேம்ஸ் ஆல்ஃபிரட் யூவிங். காலம் 1880களின் தொடக்கம். தமிழ்ப் பாடநூல் எழுதியோர் இதனைக் காந்தத் தயக்கம் என்றனர்; கண்ணியைத் தயக்கக் கண்ணி என்றனர். கலைச்சொல்லாக்கத்தில் கவிதை தானே வந்து அமர்ந்த இடங்களுள் இதுவும் ஒன்று.

இக்கண்ணியில் கருதத்தக்கது அதன் சமநிலை. வலத்திலிருந்து இடம் செல்ல எவ்வளவு தயங்குகிறதோ, இடத்திலிருந்து வலம் வரவும் அவ்வளவே தயங்கும். காந்தம் பிடிவாதமானது, ஆயினும் பாரபட்சமற்றது. இந்த நடுநிலை இயற்கையின் விதி என்றே எண்ணப்பட்டு வந்தது.

ஸ்கெனெக்டடியில் கண்டது

அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் ஸ்கெனெக்டடி என்னும் நகரில் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தின் ஆய்வகம் இருந்தது. அங்கு மைக்கிள்ஜான், பீன் என்னும் இருவர் மிக நுண்ணிய காந்தத் துகள்களை ஆராய்ந்து வந்தனர். அவர்கள் கையாண்டவை கோபால்ட் துகள்கள். ஒரு மில்லிமீட்டரைப் பத்து இலட்சம் கூறாக்கினால் வரும் ஒரு கூறே நானோமீட்டர். அத்துகள்கள் சில பத்து நானோமீட்டர் அளவினவே. கோபால்ட்டின் மேல் உயிர்வளி படிந்தால், இரும்பின் மேல் துரு ஏறுவதைப் போல, கோபால்ட் ஆக்சைடு என்னும் மெல்லிய தோல் உருவாகும். ஆக, ஒவ்வொரு துகளும் உள்ளே உலோகமும் வெளியே ஆக்சைடும் கொண்ட ஒரு விதை போன்றது.

அத்துகள்களை வலிய காந்தப் புலத்தில் வைத்து, திரவ நைட்ரஜனின் வெப்பநிலையாகிய 77 கெல்வினுக்குக் குளிர்வித்தனர். பின்னர் தயக்கக் கண்ணியை வரைந்தபோது அது நடுவில் இல்லை. ஒரு புறமாக நகர்ந்திருந்தது. குளிர்விக்கும்போது எத்திசையில் புலம் இருந்ததோ, அத்திசையிலிருந்து துகள்களைத் திருப்ப மிகுதியாக வற்புறுத்த வேண்டியிருந்தது. அத்திசைக்கு அவை திரும்பி வரச் சிறிதளவு வற்புறுத்தலே போதியதாக இருந்தது. புலம் இல்லாமல் குளிர்வித்த அதே துகள்களின் கண்ணியோ வழக்கம்போல் நடுவிலேயே நின்றது. ஒவ்வொரு துகளுக்கும் ஒரு சார்பு இருந்தாலும், அவை பல திசைகளில் சிதறிக் கிடந்தமையால் மொத்தத்தில் எதுவும் புலப்படவில்லை.

துகள்களைச் சுழற்றி முறுக்கு விசையை அளந்தபோதும் இதே செய்தி கிடைத்தது. வழக்கமான காந்தத்திற்கு உவப்பான அச்சு ஒன்று இருக்கும். அவ்வச்சின் இரு முனைகளும் அதற்கு ஒன்றே. இத்துகள்களுக்கோ உவப்பான முனை ஒன்றே ஒன்றுதான். இரு வழிப் பாதை ஒரு வழிப் பாதையாகிவிட்டது எனலாம். 1956ஆம் ஆண்டு வெளியிட்ட கட்டுரையில் அவ்விருவரும் இதனை ஒரு புதிய காந்தப் பண்பு என்றே அறிவித்தனர். காரணம் உலோகத்தில் மட்டும் இல்லை, ஆக்சைடில் மட்டும் இல்லை. இரண்டும் சந்திக்கும் எல்லையில் இருக்கிறது என்பதையும் அவர்கள் அப்போதே கண்டுகொண்டனர்.

வெளியே தெரியாத ஒழுங்கு

கோபால்ட் ஆக்சைடு எத்தகைய பொருள்? அதுவும் காந்த ஒழுங்கு உடையதே. ஆனால் அவ்வொழுங்கு வேறு வகை. அண்டை அணுக்கள் ஒரே திசையில் நிற்காமல், ஒன்றுக்கொன்று நேர் எதிராக நிற்கின்றன. ஒன்று மேல் நோக்கினால் அடுத்தது கீழ் நோக்கும். ஒவ்வொன்றின் காந்தத்தையும் அதன் எதிரிணை ஈடு செய்துவிடுவதால் மொத்தக் காந்தம் சுழியாகிறது. இதனை எதிர்முகக் காந்தம் என்று கொள்ளலாம். பாடநூல்களில் இதன் பெயர் எதிர்ஃபெர்ரோ காந்தப் பொருள்.

இத்தகைய ஒழுங்கு இருக்கக் கூடும் எனக் கோட்பாட்டளவில் முதலில் கூறியவர் பிரெஞ்சு இயற்பியலார் லூயி நெயேல். 1930களில் அவர் கூறியதை 1949ஆம் ஆண்டு ஷல், ஸ்மார்ட் ஆகிய இருவரும் மாங்கனீஸ் ஆக்சைடின் மேல் நியூட்ரான்களைச் செலுத்தி மெய்ப்பித்தனர். நெயேலுக்கு 1970ஆம் ஆண்டு நோபல் பரிசு கிடைத்தது. அவ்விழாவில் ஆற்றிய உரையில் அவர், எதிர்முகக் காந்தப் பொருள்கள் கோட்பாட்டு நோக்கில் மிகவும் சுவையானவை, ஆயின் அவற்றால் பயன் எதுவும் இருப்பதாகத் தெரியவில்லை என்னும் கருத்தைக் கூறினார். ஒரு பொருளைக் கண்டறிந்தவரே அதன் பயனை ஐயுற்ற இச்செய்தியை இங்கு நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. அது மீண்டும் வரும்.

எதிர்முக ஒழுங்கு ஒரு குறிப்பிட்ட வெப்பநிலைக்கு மேல் குலைந்துவிடும். அவ்வெப்பநிலைக்கு நெயேலின் பெயரையே இட்டுள்ளனர். கோபால்ட் ஆக்சைடுக்கு அது சுமார் 18 பாகை செல்சியஸ். கோபால்ட் உலோகத்தின் ஒருமுக ஒழுங்கோ 1,100 பாகையைத் தாண்டியும் நிற்கும். இவ்வேறுபாட்டில்தான் நிகழ்ச்சியின் கரு இருக்கிறது. சற்றே வெதுவெதுப்பான நிலையில் உலோகம் ஒழுங்குடன் நிற்க, ஆக்சைடு ஒழுங்கின்றி இருக்கிறது. புலம் உலோகத்தை ஒரு திசைக்குத் திருப்பி வைக்கிறது. பின்னர் குளிரும்போது ஆக்சைடின் அணுக்கள் வரிசை கொள்ளத் தொடங்குகின்றன. எல்லையில் நிற்கும் முதல் வரிசை, தன்னை ஒட்டி நிற்கும் உலோக அணுக்களைப் பார்த்துத் தன் திசையைத் தேர்கிறது. உள்ளே உள்ள வரிசைகள் அதனைப் பின்பற்றி மாறி மாறி அமைகின்றன. குளிர்ந்து இறுகிய பின் அந்த அமைப்பு உறைந்துவிடுகிறது. புலத்தை எதிர்த்திசையில் திருப்பினால் உலோகம் திரும்ப முயல்கிறது. ஆக்சைடு திரும்புவதில்லை, மொத்தக் காந்தம் இல்லாத அதனைப் பற்றி இழுக்க வெளிப்புலத்திற்குப் பிடி கிடைப்பதில்லை. திரும்பாத அது, திரும்ப முயலும் உலோகத்தைப் பழைய திசைக்கே இழுக்கிறது. கண்ணி நகர்கிறது.

தான் ஒழுங்கு பெற்ற வேளையில் அண்டை எவ்வாறு இருந்ததோ, அந்த நிலையை ஆக்சைடு நினைவில் வைத்திருக்கிறது. பின்னாளில் அண்டை மாறினாலும் அது மாறுவதில்லை. இதுவே மைக்கிள்ஜானும் பீனும் தந்த விளக்கம்.

நூறு மடங்குப் பிழை

விளக்கம் அழகானது, எளிமையானது, கற்பிக்க ஏற்றது. ஆனால் கணக்கிட்டுப் பார்த்தபோது இடர் தோன்றியது. எல்லையில் நிற்கும் ஒவ்வோர் ஆக்சைடு அணுவும் தன் அண்டை உலோக அணுவை முழு வலிமையோடு இழுக்கிறது என்று கொண்டால், கண்ணி நகர வேண்டிய அளவு ஒன்று கிடைக்கும். ஆய்வகத்தில் அளந்த நகர்ச்சியோ அதில் ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்காக இருந்தது. அளவைப் பிழை என்று தள்ளக் கூடிய வேறுபாடன்று இது. துகள்களுக்குப் பதிலாக மெல்லிய ஏடுகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் படியவைத்துச் செய்த ஆய்வுகளிலும் இதே நிலைதான்.

அந்த ஏடுகள் ஒன்றை மட்டும் ஐயமின்றி உறுதிப்படுத்தின. ஒருமுகக் காந்த ஏட்டின் தடிமனை இரு மடங்காக்கினால் சார்பின் அளவு பாதியாகக் குறைந்தது. இழுக்கும் கை எல்லையில் இருக்கிறது; இழுபடும் உடல் பருத்தால் இழுப்பின் விளைவு குறையும். எனவே சார்பு பிறப்பது எல்லையில்தான் என்பதில் ஐயமில்லை. தமிழ்ப் புணர்ச்சியில் நிலைமொழியின் ஈறும் வருமொழியின் முதலும் சந்திக்கும் இடத்திலேயே திரிபுகள் பெரும்பாலும் நிகழ்வது போன்றது இது.

இரண்டாவது இடர் முதலாவதினும் பெரிது. எதிர்முகப் படிகத்தை ஒரு கோணத்தில் வெட்டினால் மேற்பரப்பில் உள்ள அணுக்கள் எல்லாம் ஒரே திசையை நோக்கி நிற்கும். வேறொரு கோணத்தில் வெட்டினால் மேற்பரப்பிலேயே சரிபாதி ஒரு திசையிலும் சரிபாதி எதிர்த்திசையிலும் நிற்கும். முன்னதை ஈடாகாத முகம் என்றும் பின்னதை ஈடான முகம் என்றும் கூறலாம். முன்னர்க் கண்ட விளக்கத்தின்படி, ஈடான முகத்தில் சார்பே தோன்றக் கூடாது. வலப்புறம் இழுப்பவரும் இடப்புறம் இழுப்பவரும் சம எண்ணிக்கையில் இருந்தால் தேர் நகராது அன்றோ? ஆய்வில் கண்டதோ வேறு. ஈடான முகங்களிலும் சார்பு தோன்றியது. சில பொருள்களில் ஈடாகாத முகத்தைவிட மிகுதியாகவும் தோன்றியது.

ஒன்று, இருக்க வேண்டிய இடத்தில் நூறில் ஒரு பங்கே இருக்கிறது. மற்றொன்று, இருக்கக் கூடாத இடத்திலும் இருக்கிறது. இவ்விரு முரண்களும் முப்பது ஆண்டுகள் தீர்க்கப்படாமலே நின்றன.

பத்தாயிரம் நாணயங்கள்

1987ஆம் ஆண்டு இரண்டு வேறுபட்ட விடைகள் வந்தன. இரண்டும் ஐ.பி.எம். நிறுவனத்தின் ஆய்வாளர்களிடமிருந்து வந்தவை. மவுரியும் அவர் குழுவினரும், எதிர்முக ஏடு முற்றிலும் அசையாதது என்னும் எண்ணமே தவறு என்றனர். உலோகம் திரும்பும்போது ஆக்சைடின் மேல் வரிசைகளும் சிறிது சிறிதாக முறுக்கிக்கொள்கின்றன. வரிசைக்கு வரிசை கோணம் சற்றே மாறி, ஆழத்தில்தான் பழைய திசை நிலைபெறுகிறது. ஒரே இடத்தில் முறிய வேண்டிய பிணைப்பு பல வரிசைகளில் பரவிவிடுவதால் செலவாகும் ஆற்றல் மிகவும் குறைகிறது. நூறு மடங்கு இடைவெளிக்கு இது ஒரு விளக்கம்.

மாலோஸெமாஃப் வேறு திசையில் சிந்தித்தார். மெய்யான எல்லை எதுவும் வழவழப்பானது அன்று; ஓர் அணு உயரப் படிகளும் பள்ளங்களும் எங்கும் உண்டு. ஒவ்வொரு படியிலும் மேல் நோக்கும் அணு கீழ் நோக்கும் அணுவிற்கு இடம் விடுகிறது. எனவே எல்லையில் எத்திசை நோக்கிய அணு எங்கே நிற்கும் என்பது ஏறத்தாழத் தற்செயலாகிவிடுகிறது. தற்செயல் என்றால் எல்லாம் சமமாகிச் சுழியாகிவிடும் என்று தோன்றலாம். அவ்வாறு ஆவதில்லை என்பதே அவர் கருத்தின் உயிர்நாடி.

பத்தாயிரம் நாணயங்களைச் சுண்டிப் போடுவதாகக் கொள்வோர் தலையும் பூவும் துல்லியமாக ஐயாயிரம் வீதம் விழும் என எதிர்பார்ப்பதில்லை. இரண்டிற்கும் இடையே சற்று வேறுபாடு இருக்கும். அவ்வேறுபாடு பொதுவாக எண்ணிக்கையின் வர்க்கமூலத்தின் அளவில் இருக்கும் என்பது நிகழ்தகவுக் கணக்கு. பத்தாயிரத்தின் வர்க்கமூலம் நூறு. பத்தாயிரத்தில் நூறு என்பது நூற்றில் ஒன்று. குளிரும் வேளையில் எதிர்முக ஏடு சிறு சிறு பகுதிகளாகப் பிரிந்து, ஒவ்வொரு பகுதியிலும் இவ்வாறு எஞ்சும் சிறுபான்மை, உலோகத்திற்கு உகந்த திசையில் அமைந்துவிடுகிறது. ஈடான முகம் என்பதும் ஈடாகாத முகம் என்பதும் படத்தில் மட்டுமே தூயன. மெய்யான எல்லையில் இரண்டிலுமே ஒரு சிறு மிச்சம் நிற்கும். முன்னர்க் கண்ட இரு முரண்களையும் ஒரே கருத்து ஒருங்கே தொட்டது.

1997ஆம் ஆண்டு டக்கானோ, பெர்க்கோவிட்ஸ் முதலியோர் கோபால்ட் ஆக்சைடின் எல்லையில் ஈடாகாமல் எஞ்சும் அணுக் காந்தங்களை அளந்தனர். ஓர் அணு அடுக்கில் ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்கு என்பது அவர்கள் கண்ட அளவு. முப்பது ஆண்டுகள் உறுத்திக்கொண்டிருந்த அந்த நூறு மடங்கு பிழையன்று, உண்மையின் அளவே என்று தெரியத் தொடங்கியது.

குறையைக் கூட்டினால் வலிமை கூடுமா என்று சோதித்தவர்களும் உண்டு. 2000ஆம் ஆண்டு ஜெர்மனியில் மில்டேன்யி முதலியோர், கோபால்ட் ஆக்சைடினுள் ஆங்காங்கே கோபால்ட்டை நீக்கிக் காந்தமற்ற மக்னீசியத்தைப் புகுத்தினர். எல்லையைத் தொடவில்லை, உள்ளே மட்டும் கலந்தனர். காந்தத்திற்கு எவ்வகையிலும் உதவாத அணுவைக் கலந்தால் சார்பு குறைய வேண்டும் என்றே எவரும் கருதுவர். மாறாக, அது கூடியது. இடையிடையே வெற்றிடம் போல நின்ற மக்னீசியத்தைப் பற்றிக்கொண்டு எதிர்முகப் பகுதிகள் எளிதாகப் பிரிந்தன. பிரிந்தவை உறைந்து நின்றன. அவற்றில் எஞ்சிய மிச்சமும் மிகுந்தது. குறைபாடு என்று களையப்பட வேண்டியதாகக் கருதப்பட்டதே காரணமாக வெளிப்பட்டது.

திரும்பாத சில

எனினும் கணக்கிட்டு உய்த்துணர்தல் வேறு, நேரில் காண்டல் வேறு. எல்லையோ இரண்டு ஏடுகளுக்கு இடையே புதைந்து கிடப்பது. ஓர் அணு அடுக்கின் தடிமனே உடையது. அதனைக் காண உதவியது எக்ஸ் கதிர். வலமாகவும் இடமாகவும் சுழலும் எக்ஸ் கதிர்களைக் காந்தப் பொருள் வெவ்வேறு அளவில் உட்கவரும். மேலும், கதிரின் ஆற்றலை மாற்றினால் கோபால்ட், மாங்கனீஸ், நிக்கல் எனத் தனிமங்களைப் பிரித்தறியலாம். ஒரு தனிமம் எத்திசை நோக்குகிறது என அதனை மட்டும் வினவும் ஆற்றல் இதனால் கிடைத்தது.

2003ஆம் ஆண்டு ஓல்டாக், ஷோல், ஸ்டோர் முதலியோர் கலிபோர்னியாவில் இம்முறையால் பல வகை ஏட்டிணைகளின் எல்லைகளை ஆராய்ந்தனர். எதிர்முக ஏட்டின் எல்லையில் ஈடாகாத அணுக் காந்தங்கள் இருப்பது தெரிந்தது. ஆனால் அவற்றுள் பெரும்பாலானவை, ஒருமுகக் காந்தம் திரும்பும்போது தாமும் உடன் திரும்பிவிட்டன. அவற்றால் சார்பு பிறப்பதில்லை. தயக்கம் மட்டுமே கூடும். ஒரு சிறு பகுதி மட்டும், ஓர் அணு அடுக்கில் சுமார் நூற்றில் நான்கு பங்கு, புலத்தை எப்புறம் திருப்பினும் திரும்பாமல் நின்றது. அந்த நான்கு பங்கை வைத்துக் கணக்கிட்டபோது, அளந்த நகர்ச்சியின் அளவு பொருந்தி வந்தது. 1956ஆம் ஆண்டின் எளிய விளக்கம் அடிப்படையில் பிழையன்று. எல்லையில் நிற்கும் எல்லோரும் இழுக்கிறார்கள் என்று எண்ணியதே பிழை.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை தேவை. கவிஞர்கள் நிறைந்த அவையில் இச்செய்தியைக் கூறினால், சிலருடைய உறுதியே உலகைத் தாங்குகிறது என்று உடனே பாடத் தோன்றும். அணுவிற்கு உறுதி என்பது இல்லை. அந்த நான்கு பங்கு திரும்பாமல் நிற்பது தன் வலிமையால் அன்று. அதன் பின்னே, ஒன்றுக்கொன்று எதிராக நின்று, வெளியே எக்காந்தமும் காட்டாமல், எக்கருவியின் முள்ளையும் அசைக்காமல் கிடக்கும் எதிர்முக ஒழுங்கு முழுவதும் அதனைப் பற்றி வைத்திருக்கிறது. முன்னே நிற்கும் சிலவற்றிற்கு வேர் அந்த ஓசையற்ற பெரும்பான்மையே. மிச்சம் இல்லையெனில் பெரும்பான்மைக்கு வெளியே பற்றக் கை இல்லை. பெரும்பான்மை இல்லையெனில் மிச்சத்திற்கு நிற்கக் கால் இல்லை. இதுவே அறிவியல் சொல்லும் செய்தி. பாடுவோர் இதனை முழுமையாகப் பாடினால் பாட்டும் பிழையாகாது.

அந்நிலையும் என்றென்றும் உள்ளதன்று. கண்ணியை மீண்டும் மீண்டும் சுற்றிவரச் செய்தால், முதல் சுற்றில் இருந்த சார்பு அடுத்தடுத்த சுற்றுகளில் சிறிது சிறிதாகக் குறைகிறது. ஒவ்வொரு திருப்பத்திலும் திரும்பாதவற்றுள் சில இடம் மாறிவிடுகின்றன. பழக்குதல் விளைவு என இதற்குப் பெயர். வெப்பநிலையை உயர்த்தினாலும் சார்பு தேய்ந்து ஓரிடத்தில் மறையும். ஒரே கோட்பாடு எல்லாப் பொருள்களுக்கும் பொருந்துவதுமில்லை. சில இணைகளில் முறுக்கம் முதன்மை பெறுகிறது, சிலவற்றில் எல்லையின் கரடுமுரடு, சிலவற்றில் உட்குறைகள். பிறப்பிடம் எல்லை என்பது உறுதி. பிறக்கும் முறை பொருளுக்குப் பொருள் வேறுபடும்.

பயனின்மையின் பயன்

நெயேலின் உரைக்கு இனித் திரும்பலாம். பயனில்லை என்று கருதப்பட்ட எதிர்முகக் காந்தம் கணிப்பொறியின் உள்ளே வந்து அமர்ந்தது. 1988ஆம் ஆண்டு பிரான்சில் ஃபெர்ட்டும் ஜெர்மனியில் குரூன்பெர்க்கும், காந்த ஏடுகள் ஒன்றுக்கொன்று எத்திசையில் நிற்கின்றன என்பதைப் பொறுத்து மின்தடை பெரிதும் மாறுவதைத் தனித்தனியே கண்டனர். அதற்காக 2007ஆம் ஆண்டு இருவரும் நோபல் பரிசு பெற்றனர். 1991ஆம் ஆண்டு டியேனி முதலியோர் இவ்விளைவைக் கருவியாக்கும் எளிய அமைப்பு ஒன்றைக் காட்டினர். அதில் இரண்டு காந்த ஏடுகள், நடுவே ஒரு காந்தமற்ற உலோக ஏடு. ஒரு காந்த ஏடு புறத்தே உள்ள சிறு புலத்திற்கும் திரும்பும். மற்றொன்று திரும்பவே கூடாது. திரும்பாதிருக்கச் செய்வது எவ்வாறு? அதன் முதுகில் ஓர் எதிர்முகக் காந்த ஏட்டை ஒட்டவைத்துப் பரிமாற்றச் சார்பால் பிணைத்தனர்.

1997ஆம் ஆண்டின் இறுதியில் ஐ.பி.எம். நிறுவனம் இவ்வமைப்பைக் கொண்ட வன்தட்டைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. தட்டில் எழுதப்பட்ட ஒவ்வொரு நுண்காந்தப் புள்ளியின் மேலும் படிக்கும் முனை கடக்கும்போது, திரும்பும் ஏடு அதற்கேற்ப அசைகிறது, திரும்பாத ஏடு அளவுகோலாக நிற்கிறது, மின்தடை மாறுகிறது, எழுத்து படிக்கப்படுகிறது. திரும்பாத ஒன்று அருகில் இருந்தால்தான் திரும்பியதன் பொருள் விளங்கும். பின்னர் வந்த முனைகளில் நடு ஏடும் படிக்கும் முறையும் மாறின. திரும்பாத ஏட்டை எதிர்முகக் காந்தத்தால் பிணைக்கும் முறை மட்டும் தொடர்ந்தது.

2003ஆம் ஆண்டு ஸ்கும்ரியெவ் முதலியோர் வேறொரு பயனையும் காட்டினர். சுமார் நான்கு நானோமீட்டர் அளவுள்ள கோபால்ட் துகள் தனித்திருந்தால் வெப்பத்தின் அலைப்பில் தன் திசையை இழந்துவிடும். 10 கெல்வினுக்கு மேல் அதனால் நிலைத்து நிற்க இயலாது. அதே துகளைக் கோபால்ட் ஆக்சைடினுள் பதித்தபோது, ஏறத்தாழ 290 கெல்வின் வரை, அதாவது அறை வெப்பநிலையை ஒட்டி, அது தன் திசையைக் காத்து நின்றது. நுண்துகள்களின் இத்தடுமாற்றத்தை முன்னோடியாக ஆராய்ந்தவர்களுள் ஒருவர் பீன். அவர் மைக்கிள்ஜானோடு சேர்ந்து கண்ட அதே கோபால்ட்டும் அதே ஆக்சைடும், 47 ஆண்டுகளுக்குப் பின் அத்தடுமாற்றத்திற்கு மருந்தாகி நின்றன.

நிறைவாக ஒரு சொல். மைக்கிள்ஜானும் பீனும் தம் கணக்கு நூறு மடங்கு பிறழ்வதற்காகத் தாம் கண்டதை மறைக்கவில்லை. பின்வந்தோரும் அந்த விளக்கத்தைத் தூக்கி எறியவில்லை. விளக்கத்தையும் வைத்துக்கொண்டு, பொருந்தாத எண்ணையும் வைத்துக்கொண்டு, இரண்டிற்கும் இடையே இருந்த இடைவெளியை அரை நூற்றாண்டு பொறுமையாகத் தோண்டினர். அந்த இடைவெளியிலேயே விடை புதைந்திருந்தது. ஒரு யாப்பு விதிக்குப் பொருந்தாத ஓர் அடியைக் கண்டால், பாடம் பிழை என்று திருத்திவிடுவது எளிது. விதியையும் அடியையும் அருகருகே வைத்துக் காத்திருப்பது அரிது. பத்தாண்டு காலம் திங்கள்தோறும் கூடி ஒருவர் பாட்டை ஒருவர் படித்துத் திருத்திவந்த வட்டத்திற்கு அந்த அருமை தெரியும்.